மதிப்பெண் தாளில் அலமாரி இல்லை

குழுவாக வேலை செய்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலைப் பிரிவுக்கு வாரம் மூன்று வகுப்பு. எனக்கு மரவேலை தெரியாது. ஆணி அடித்தால் பாதி அடி என் விரலில்தான் விழும். அதெல்லாம் தெரியத் தேவையில்லை என்று ஒரு மூன்று நாள் பயிற்சியில் எனக்குச் சொன்னார்கள். சான்றிதழும் ஒரு பெட்டி நிறைய அட்டைகளும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த அட்டைகள்தான் என் முறை. ஒரு குழுவுக்கு நாலு அட்டை: தலைவர், நேரக் காவலர், குறிப்பாளர், ஊக்குவிப்பாளர். ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். யார் தன் அட்டைக்குரிய பொறுப்பை எப்படிச் செய்தார் என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவேன். செய்து முடித்த பொருளுக்கு மதிப்பெண் கிடையாது. “பொருள் முக்கியமில்லை, சேர்ந்து பழகுறதுதான் முக்கியம்” என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் படுசுட்டி.

இந்த வருடம் வகுப்பில் இருபத்தொரு பேர். நாலு நாலாகப் பிரித்தால் ஒருவர் மிச்சம். அந்த ஒருவர் என் அக்கா மகளாக அமைந்தது யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்ல ஆசைதான். நான்தான் அமைத்தேன். அக்கா வீட்டு மாடியில்தான் எனக்கு ஜாகை என்பது நிலையம் முழுக்கத் தெரியும். பாரபட்சம் என்று ஒருவர் வாயைத் திறந்துவிடக் கூடாதே! அவளை முதல் குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துவிட்டேன். அட்டை கொடுக்கவில்லை.

வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பேச்சு வராது, கை மட்டும் பேசும். பரீட்சைகளில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். மரச்சாமான் பட்டறைக்காரர்கள் வருடத்துக்கு ஒருவரைப் பயிற்சி வேலைக்கு எடுப்பார்கள். இந்தத் தடவை அது கிடைக்காவிட்டால் ஜெராக்ஸ் கடையில் தன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டறை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: குழுப்பணியில் அறுபதுக்குக் குறைந்தவர்களை அனுப்பக் கூடாது. அந்த நிபந்தனையைச் சண்டை போட்டுச் சேர்க்க வைத்தவளும் நானேதான். என் பாடத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

“சித்தி, எனக்கும் ஏதாவது ஒரு அட்டை குடுங்களேன்” என்று ஒருநாள் மாடிப்படியில் கேட்டாள்.

“கேட்டதும் தூக்கிக் குடுத்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? நீ பாட்டுக்கு வேலையைச் செய்.”

அவள் பாட்டுக்குச் செய்தாள். இறுதித் தேர்வுக்கு நாலு நாள் கெடு, குழுவுக்கு ஒரு இரட்டைக் கதவு அலமாரி. முதல் குழுவின் தலைவன் நன்றாகப் பேசுவான். அதனால் மைக் என்று பெயர். அவன் காலையும் மாலையும் கூட்டம் நடத்தினான். நேரக் காவலன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி சொன்னான். குறிப்பாளர் பெண் எல்லாவற்றையும் எழுதினாள். ஊக்குவிப்பாளன் “சூப்பர், சூப்பர்” என்று கை தட்டினான். நடுவில் இவள் பலகையை அளந்தாள், அறுத்தாள், இழைத்தாள், கீல் பொருத்தினாள். நான் சுவரோரமாக நின்று அந்த நாலு பேருக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். மைக்குக்குத் தொண்ணூற்றிரண்டு.

கடைசி நாள் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அட்டை இல்லாதவளுக்குத் தாளில் கட்டமே இல்லை. அவள் பெயருக்கு நேராகப் பூஜ்யம். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாற்றினால் சித்தி மாற்றினாள் என்பார்கள். அந்த வாரம்தான் என் வேலை ஒப்பந்தமும் புதுப்பித்து வர வேண்டியிருந்தது. தாளை அப்படியே கொண்டுபோய் முதல்வரிடமும் ஸ்டோர் கீப்பரிடமும் கையெழுத்து வாங்கினேன். எங்கள் மூவருக்கும் மதிப்பீட்டுக் குழு என்று பெயர். இருவரும் படிக்காமல் போட்டார்கள். எப்போதும் அப்படித்தான் போடுவார்கள்.

மறுநாள் பட்டறை மேஸ்திரி வந்தார். மற்ற நாலு குழுக்களின் அலமாரிகளில் ஒன்று சாய்ந்து நின்றது, மூன்றில் கதவு மூடவில்லை. முதல் குழுவின் அலமாரிக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கீல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“இதைச் செஞ்சது யாரு?”

“குழுவா செஞ்சோம் சார்” என்றான் மைக். நான் சொல்லிக்கொடுத்த பதில்.

“அஞ்சு பேரும் சேர்ந்தா ஒரு ஸ்க்ரூவை முடுக்கினீங்க?”

குறிப்பாளர் பெண் நோட்டை நீட்டினாள். மேஸ்திரி சத்தமாகவே படித்தார். “பத்து மணி, கீல் பற்றி விவாதம். பத்து நாற்பது, கீல் பொருத்தப்பட்டது.” நிமிர்ந்தார். “பேய் வந்து பொருத்திட்டுப் போச்சா?”

மைக் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு கழுத்து அட்டையைக் கழற்றினான்.

“அவதான் சார். முழுக்க அவதான். எங்களுக்குக் கீல் எந்தப் பக்கம் வரும்னுகூடத் தெரியாது.”

மற்ற மூவரும் ஆமாம் ஆமாம் என்று முந்தினார்கள். நேரக் காவலன், “நான் மணி சொல்லிச் சொல்லி அவளைத் தொந்தரவுதான் பண்ணினேன்” என்றான். நாலு மாதத்தில் அன்றுதான் அவர்கள் ஒரு குழுவாக இருந்ததை நான் பார்த்தேன்.

“இந்தப் பொண்ணைக் குடுங்க, போதும்” என்றார் மேஸ்திரி.

முதல்வர் தாளைப் புரட்டினார். முகம் மாறியது. “இவ பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கே. யாரு போட்டது?”

ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ‘நான்தான் சார், தப்பா போட்டுட்டேன், திருத்திடறேன்.’ பேனா என் கைப்பையிலேயே இருந்தது.

“மதிப்பீட்டுக் குழுவோட முடிவு சார்” என்றேன்.

முதல்வர் தாளின் அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “ஆமா, குழு முடிவு. விதின்னு ஒண்ணு இருக்கில்ல.” ஸ்டோர் கீப்பரும் தன் பங்குக்கு, “எல்லாரும் யோசிச்சுத்தான் போட்டோம்” என்றார். ஒத்திகை எதுவும் இல்லாமல் மூன்று பேரும் என்னமாய் ஒத்துப்போனோம்! அவள் அலமாரியின் பக்கத்தில், கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு வேண்டாம் சார், எனக்கு வேலை தெரியாது” என்று மைக் கெஞ்சினான். “தெரிஞ்சவளை இவங்க விடமாட்டேங்கறாங்களேப்பா” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி, தாளில் அதிக மதிப்பெண் வாங்கியிருந்த அவனையே எழுதிக்கொண்டு போனார். அன்று மாலையே எனக்கு ஒப்பந்தக் கடிதம் வந்தது. குழுவாக இயங்கும் திறன்: மிக நன்று.

வீட்டுக்குப் போனால் அத்தான் கடையில் இன்னொரு நாற்காலி போட இடம் ஒதுக்கிவிட்டு வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

“ஏண்டி, நீ இருந்துமா இப்படி ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா மகள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அது மூணு பேர் சேர்ந்து எடுக்கிற முடிவும்மா. சித்தி ஒருத்தங்க என்ன பண்ண முடியும்? அவங்களைப் போய்க் கேக்காத.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை, குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. என் பொய்யை அவள் வாயால் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஐயோ, அழாதேடி, உன் மேல தப்பில்லை” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நகர்ந்து எனக்கு இடம்விட்டு ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.