கேட்டில் ரெண்டு நிமிஷம்

கம்பெனி தன் கேட்டில் அந்தக் கடிதத்தை ஒட்டிய பத்தொன்பதாவது மணி நேரத்தில் ஜெயவேல் இறந்துபோனார். நேற்று மதியம் மூன்று. இன்று காலை பத்து. ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சங்கமித்ரா அதை மறுபடி கூட்டிப் பார்த்தாள். துடைத்த இடத்தில் அப்பாவின் முகம் தெரிந்தது. அரை நிமிடத்தில் திரும்ப மங்கியது. உள்ளே குளிர், வெளியே கடற்கரை ஈரம். கண்ணாடி அப்படித்தான் செய்யும்.

"வுடு மித்ரா," என்றாள் அம்மா பூவம்மா. "எத்தினிவாட்டி தொடைப்ப."

அவள் துடைத்தாள்.

மணி மூன்றரை. ஐந்துக்கு எடுப்பதாக முடிவு. எர்ணாவூர் குடியிருப்பில், மாடிப்படிக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். தலைமாட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருந்தன. மேளக்காரர்கள் பேப்பரைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வந்துவிட்டது. கொடி மட்டும் வரவில்லை.

அப்பா வேலை செய்தது மணலிப் பக்கம், காருக்குப் பிரேக் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனியில். இருபத்திரண்டு வருடம். கம்பெனியின் சொந்த நாட்டுத் தொழிற்சாலையில் சங்கம் உண்டு. அதன் தலைவர்கள் முதலாளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் படத்தை அப்பா போனில் வைத்திருந்தார். இங்கே சங்கத்தைப் பதிவு செய்த வாரமே, அதிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே என்றார்கள். போடாதவர்கள் பதினோரு மாதமாகக் கேட்டுக்கு வெளியே தார்ப்பாய்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முதல் நாளிலிருந்து அங்கே. ஏழாவது மாதம் நெஞ்சுவலி வந்தது. மூன்று அடைப்பு, ஆபரேஷன் என்றார் டாக்டர். வெளியே நிற்பவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கான இ.எஸ்.ஐ. கார்டைக் கம்பெனி அதற்குள் சாகடித்திருந்தது. எந்தெந்தப் படிவத்தையோ நிரப்பிக்கொண்டு சங்கமித்ரா நாலு மாதம் அலைந்தாள். அப்பாவின் படிவங்களைப் பத்தாம் வகுப்பிலிருந்து அவள்தான் நிரப்புவாள்.

சங்கத்தில் ஒருவர் செத்தால் உடம்பின்மேல் சிவப்புக் கொடி போர்த்துவார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் வண்டியைக் கம்பெனி கேட்டில் ரெண்டு நிமிஷம் நிறுத்துவார்கள். கோஷம் கிடையாது. மேளமும் நின்றுவிடும். போன மார்ச்சில் பிராங்கிளின் செத்தபோது கொடியைப் போர்த்தியது அப்பாதான்.

"செக்யூரிட்டிக்காரன் தொப்பிய கயட்டிட்டாம்மா. மேல ஆபீஸ்ல ஒருத்தன் ஸ்க்ரீன இய்த்து வுட்டுக்கினான்," என்று அன்று வந்து சொல்லிச் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் இது போதும்," என்றார்.

அத்தாவுல்லா வந்தார். சங்கச் செயலாளர், அப்பாவோடு ஒரே ஷிப்டில் பதினைந்து வருடம் நின்றவர். ஆறு பேர் கூட வந்தார்கள். கையில் ரோஜா மாலை மட்டும் இருந்தது.

"கொடி எங்க பாய்?" என்றாள் பூவம்மா.

அவர் மாலையைப் பெட்டிமேல் வைத்தார். "பசங்க ஒத்துக்கல அண்ணி."

"இன்னாத்த ஒத்துக்கல?" பூவம்மாவின் தம்பி அன்பரசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பதினோரு மாசம் தார்ப்பாய்க்கு கீழ காஞ்சாரு அந்த மன்சன். எங்கக்கா ஒங்க அத்தினி பேருக்கும் சோறாக்கிப் போட்டுச்சு. துன்ன வாய் தானே இது?"

"இல்லன்னு சொல்லலப்பா. வெலகறேன்ற லெட்டர் கேட்ல ஒட்டிகீது. நானே போன் போட்டு கேட்டேன். இன்னாண்ணே, இது ஒன் கையெழுத்தான்னேன். ஆமா பாய், நான்தான் போட்டேன்னாரு. அதுக்கு மேல நான் இன்னா கேக்க முடியும்?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப கொடியோட போயி கேட்ல நின்னா உள்ள கீறவன் சிரிப்பான். நாளைக்கே நாப்பது பேரு கையெழுத்து போட்டுட்டு பூந்துடுவான்."

அந்த போன் வந்தபோது சங்கமித்ரா அதே அறையில்தான் இருந்தாள். வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை அப்பா பெரிதாக்கி, கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். அத்தாவுல்லாவிடம் பேசும்போது மின்விசிறியைப் பார்த்தார். வைத்துவிட்டு, "டீ போடுறியாம்மா," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சங்கக் குழுவில் வந்த எல்லாவற்றையும் அவர் படித்திருந்தார். வெலை போயிட்டான். துரோகி. ஒரு செருப்புப் படம். காலையில், உடம்பைக் குளிப்பாட்டும்போது, அவள் அவருடைய போனைத் திறந்து படித்தாள். எழுதியவர்களில் நாலு பேர் இப்போது வந்த ஆறு பேரில் இருந்தார்கள். கை கட்டி நின்றார்கள். அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தை அவளால் முழுதாகப் பிடித்துவைக்க முடியவில்லை. அது வழுக்கி வேறு பக்கம் போனது.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. எச்.ஆர். ரகுபதி இறங்கினார். ஷூவைக் கழற்றிவிட்டு, மலர் வளையத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். குறுக்கே ரிப்பனில் கம்பெனி பெயர். அதை அத்தாவுல்லாவின் மாலைமேல் வைத்தார்.

"ஜெயவேல் எங்க பெஸ்ட் ஒர்க்கர்மா," என்றார் பூவம்மாவிடம். "கடைசியிலயாவது சரியான முடிவு எடுத்தாரு. கம்பெனி மறக்காது."

"அத எடுத்துக்கினு கெளம்பு சார்," என்றார் அன்பரசன்.

"டேய், சாவு வூடுடா," என்றாள் பூவம்மா.

ரகுபதி சங்கமித்ராவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே கார்டுக்கு மெயில் போட்டுட்டேன்மா. ஹெட் ஆபீஸ்ல அங்க லீவு. திங்கக்கெழம ஆக்டிவ் ஆயிருக்கும். பேட் லக்."

அத்தாவுல்லா நிமிர்ந்தார். "இன்னா கார்டு? இந்தப் பொண்ணாண்ட ஏன் சார் சொல்றீங்க?"

ரகுபதி வாட்சைப் பார்த்தார்.

கல்லூரி வாய்மொழித் தேர்வில் சங்கமித்ரா பதில் சொன்னால் பேராசிரியர் காதைக் கிட்டே கொண்டுவருவார். இத்தனை ஆண்கள் பார்க்க அவள் எழுந்து நின்றதே இல்லை. இப்போது எழுந்தாள். மலர் வளையத்தைத் தூக்கினாள். அடியில் இருந்த கம்பி உள்ளங்கையில் குத்தியது. அப்படியே கொண்டுபோய்க் காரின் பானெட்மேல் வைத்தாள்.

"கேட்ல ஒட்டமாட்டோம்னு சொன்னீங்க," என்றாள் ரகுபதியிடம். "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க."

அவர் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அத்தாவுல்லாவுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள். அந்த நேரம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி சாலையில் கடந்தது. அவர் காதருகே கையை வைத்துக் குனிந்தார்.

"இன்னாம்மா? கேக்கல."

லாரியின் கடைசிச் சக்கரம் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு அந்த ஆறு பேருக்கும், அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த கையெழுத்து அப்பா போட்டது இல்ல சித்தப்பா. நான் போட்டேன்."