கண்ணாடிக்கு அளவெடுத்த பெட்டி

என் அப்பாவை நான் வேறொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தேன். சம்பளத்துக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

நான் வேலை செய்வது ஒரு சோப்புக் கம்பெனியில். மேடம் தன் வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்தது. இப்போது பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் இணையதளம் ஒன்றில் மேடத்துக்கு நாலாயிரம் பேர் பழக்கம். அந்த நாலாயிரம் பேரோடு மேடம் பேசுவதில்லை, நான்தான் பேசுகிறேன். அவர் படம், அவர் பெயர், என் விரல். இது வெளியே தெரியக் கூடாது என்று சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேடத்துக்கு இதில் தெளிவான கொள்கை உண்டு. "எடுத்த எடுப்பிலேயே வியாபாரம் பேசாதே. மொதல்ல மனுஷனைப் பேசு. வீட்ல யாரு, எப்படி இருக்காங்கன்னு கேளு. கேட்டதைக் குறிச்சு வை. மறந்து போய் ரெண்டாந்தரம் கேட்டுத் தொலைக்காதே."

அதற்கென்று ஒரு எக்செல் ஷீட். ஆள், தொழில், குடும்பம், கடைசியாகப் பேசியது, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு முட்டிவலி, ஒருவர் வீட்டுப் பூனையின் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தேன். முட்டிவலி தேவலையா என்று கேட்டால் அந்த மாதமே ஆர்டர் வரும் என்பார் மேடம். வெட்கக்கேடு என்னவென்றால், பெரும்பாலும் வந்தது.

நூற்றுப் பதினேழாவது வரியில் பெட்டிக்காரர் இருந்தார்.

கெட்டி அட்டையில் பரிசுப் பெட்டி செய்கிறவர். தனியாகக் கழற்றி மூடும் மூடி. மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார். மூடியைப் பெட்டியின் வாயில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டுமாம். நல்ல பெட்டி என்றால் உள்ளே இருக்கிற காற்று மெல்ல வெளியேறி, மூடி தானாக இறங்கி உட்காருமாம். வைத்துப் பார்த்தேன், இறங்கியது. அன்று வேலையை விட்டுவிட்டு இருபது தடவை இறக்கிப் பார்த்தேன். அதை ஒளிக்காமல் அவருக்கு எழுதவும் செய்தேன். "நீங்க சோப்புக் கம்பெனி நடத்தறீங்களா, பொம்மைக் கம்பெனி நடத்தறீங்களா மேடம்?" என்று பதில் வந்தது. எங்கள் சோப்பெல்லாம் அவர் பெட்டியில் போக ஆரம்பித்தது அப்படித்தான்.

ஆறு மாதம் கழித்து, குடும்பம் என்ற கட்டத்தில், "மனைவிக்கு உடம்பு சரியில்லை, பெரிய நோய், திங்கள்தோறும் மருத்துவமனை" என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில், "திங்கள் காலை பத்து மணி, விசாரிக்கவும்." அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. நான் கேட்பேன், அவர் எழுதுவார். டோக்கன் கொடுக்கும் ஆள் தூங்கி வழிவதை எழுதுவார். எதிர் பெஞ்சுக்காரர் சாப்பாட்டு டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாததை எழுதுவார். வருத்தம் அதிகமாக இருக்கும் நாளில் கிண்டலும் அதிகமாக இருக்கும் என்று எனக்குப் போகப் போகப் புரிந்தது.

ஒரு திங்கட்கிழமை கிண்டலே இல்லை. "இனிமே மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க மேடம். அட்மிட் பண்ணியாச்சு. அவ செவுத்தையே பாத்துட்டுப் படுத்திருக்கா."

இந்த மாதிரிச் சமயங்களுக்கு ஒரு வாக்கியம் தயாராக உண்டு. மனம் தளராதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்று முடியும். அதை எடுத்து ஒட்டினேன். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அழித்துவிட்டு, என்னை அறியாமல் இதை எழுதினேன்: "எங்க அப்பாவும் போன வருஷம் இப்படித்தான் செவுத்தைப் பாத்தே கிடந்தார். சண்டை போட்டு ஜன்னல் பக்கம் கட்டில் வாங்கினோம். கீழ வண்டி நிறுத்தற இடம்தான் தெரியும். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். யாருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியல, யார் கோணலா நிறுத்தறாங்கன்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். கடைசி பத்து நாள் சிரிச்சுட்டுதான் இருந்தார். ஜன்னல் பக்கம் கேளுங்க சார்."

அனுப்பின பிறகுதான், மேலே இருந்த மேடத்தின் படம் கண்ணில் பட்டது.

அதற்கப்புறம் அவர் மேடம் என்பதை விட்டுவிட்டுத் தங்கச்சி என்று எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைசி வரி ஒன்றேதான்: "அப்பா நினைப்பு இந்த வாரம் எப்படி இருந்துச்சு?" எங்கள் வீட்டில் அப்பா பேச்சை எடுத்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். தம்பி போனில் வேறு பேச்சுக்குத் தாவுவான். உலகத்தில் என் அப்பாவைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் பெட்டிக்காரர். என்னிடம் என்று நானே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஒரு கால் உடைந்து நீல நூலால் கட்டியிருப்பார். இப்போது பெட்டிகூட இல்லாமல் வீட்டில் என் மேஜை டிராயரில் கிடக்கிறது என்று. "மடிச்சா எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். "தொழில் புத்தி தங்கச்சி, விட்டுத் தொலைய மாட்டேங்குது." ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பினேன். நூல் முடிச்சின் உயரத்தையும் கேட்டார். அதையும் அளந்தேன்.

இதையெல்லாம் ஷீட்டில் ஏற்றவில்லை. அதில் எதிராளியின் குடும்பத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

அவர் மனைவி இறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு தொழில் கண்காட்சியில் நாங்கள் கடை போட்டோம். "ரெண்டு மணிக்கு வரேன் தங்கச்சி, நேர்ல பாக்கணும்" என்று எழுதியிருந்தார். மேடத்திடம் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். "பெட்டிக்காரர் வரார் மேடம். மனைவி தவறிட்டாங்க, மறக்காம விசாரிங்க" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை மென்று விழுங்கினேன்.

வந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். அதைத் தைத்தது அவரேதான் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் சோப்பு அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மேடத்தின் முன்னால் நின்றார்.

"தங்கச்சி" என்றார்.

மேடத்தின் புருவம் ஏறி இறங்கியது. "வாங்க சார். உங்க மனைவி விஷயம் தெரிஞ்சு ரொம்ப வருத்தமாப் போச்சு."

"நீங்க சொன்ன மாதிரியே ஜன்னல் பக்கம் கட்டில் வாங்கிட்டேன். பதினெட்டு நாள் அங்கதான் இருந்தா. கீழ ஒரு தண்ணித் தொட்டி. காக்கா குளிக்கறதைப் பாத்து அப்படிச் சிரிப்பா. அந்தத் தங்கச்சிக்கு நேர்ல போய் நன்றி சொல்லுங்கன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டா. அதான் வந்தேன்."

மேடம் தலையாட்டினார். எந்த ஜன்னல், என்ன காக்கா என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பெட்டிக்காரருக்கு இன்னும் தெரியவில்லை. துணிப்பையிலிருந்து கருநீலப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"அப்பா கண்ணாடிக்கு. நூல் கட்டின கால் நசுங்கக் கூடாதுன்னு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்."

"அப்பாவுக்கா?" மேடம் சந்தோஷமாகத் திரும்பினார். "அப்பா, இங்க வாங்க. உங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி கொண்டு வந்திருக்கார்."

மேடத்தின் அப்பாவுக்கு எண்பது வயது. மகளின் கடையைப் பார்க்க வந்தவர், காலையிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து இலவச சோப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். பெட்டிக்காரர் அவரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"உங்க அப்பா தவறிட்டார்னு..."

"ஐயோ, யார் சார் சொன்னது? குத்துக்கல்லாட்டம் நிக்கறாரே."

"நீங்கதான் எழுதினீங்க."

மேடம் கெட்டிக்காரர். ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "எல்லா மெசேஜும் என்னால பாக்க முடியறதில்ல சார். ஆபீஸ்ல பாத்துப்பாங்க. ஏதோ தப்பா எழுதியிருக்காங்க போல" என்றார்.

"ஆபீஸ்ல" என்றார் பெட்டிக்காரர்.

அது என் அப்பா. மூன்றே வார்த்தை. வாயைத் திறந்திருந்தால் போதும். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது, இந்த மாதச் சம்பளம் ஞாபகம் வந்தது என்றெல்லாம் அப்புறம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் சும்மா. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அவர் கண் கடையைச் சுற்றி வந்தது. என் மேலும் பட்டது, நிற்காமல் நகர்ந்தது.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். கொண்டுவந்ததைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை. "நீங்க வெச்சுக்குங்க ஐயா" என்று மேஜையில் வைத்தார். பெரியவர் தன் அகலக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துப் பார்த்தார். மூடி உட்காரவில்லை.

"கொஞ்சம் சின்னதாப் போச்சே."

"ஆமாங்க. அளவு தப்பாயிடுச்சு" என்றார் பெட்டிக்காரர். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மேடம் பிடித்துக்கொண்டார். "உறவை வளர்க்கச் சொன்னேன். அப்பாவைக் கொன்னு வளர்க்கவா சொன்னேன்?" எனக்கு அழுகைதான் வந்தது. மேடம் கொஞ்சம் இறங்கி, "சரி விடு. என் பேர்ல ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பு. நல்லா உருக்கமா எழுது. உனக்குத்தான் வருமே" என்றார்.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது அந்தப் பெட்டிக்குள் யாரோ விசிட்டிங் கார்டுகளைத் திணித்து வைத்திருந்தார்கள். கார்டுகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் கண்ணாடியை உள்ளே வைத்தேன். நூல் முடிச்சு அதற்கென்று விட்ட இடத்தில் உட்கார்ந்தது. மூடியை வைத்துக் கையை எடுத்தேன். மெதுவாக, தானாக இறங்கியது. அம்மா எட்டிப் பார்த்தார். இந்த முறை டிவி சத்தத்தைக் கூட்டவில்லை, ஆனால் ஒன்றும் கேட்கவுமில்லை.

மறுநாள் மதியம், மேடம் பேரில் இல்லாமல், என் சொந்தக் கணக்கிலிருந்து அவருக்கு எழுதினேன். படம் இல்லாத, பன்னிரண்டே பேர் பழக்கமுள்ள கணக்கு. "அந்த அப்பா பொய் இல்லை அண்ணே. அவர் என் அப்பா. எழுதினது நான்தான். நேத்து அட்டைப்பெட்டியோட நின்னுட்டிருந்தது நான்தான்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இப்ப எழுதறது யாரும்மா?"

என் பெயரை எழுதினேன். இரண்டு வருடப் பழக்கத்தில் அவர் என் பெயரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் அப்பாவின் கண்ணாடி இருக்கிற படத்தையும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. நம்பினாரா என்று தெரியாது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, மேடத்தின் கணக்குக்கு அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. திறந்தேன்.

"மேடம், ஆயிரம் பெட்டி இன்று அனுப்பியுள்ளோம். கிடைத்ததும் தெரியப்படுத்தவும்."

அதற்குக் கீழே இன்னொரு வரி வரும் என்று பத்தே கால் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் லாரி வந்தது. ஆயிரத்தையும் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடக் குறையவில்லை.

"கிடைத்தது சார். நன்றி" என்று எழுதி, கீழே மேடத்தின் பெயரைப் போட்டேன்.