ஐந்தாவது போர்ஷன்

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. அம்மா ஒரு பக்கம் காலரைப் பிடித்துக்கொள்ள, மகள் மறுபக்கம் குனிந்து பொத்தானைத் துளைக்குள் தள்ளிப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை அப்பா அந்தப் பொத்தானைப் போட்டதே இல்லை. யூனிஃபார்ம் மாட்டிய காலத்திலும் மேலதிகாரி கண்ணில் படாதவரை திறந்தே விட்டிருப்பார்.

"விட்டுடும்மா. இப்படியே இருக்கட்டும்."

"நல்லா இருக்காதுடி. நாலு பேர் வந்து பாக்கறாங்க."

வந்தவர்கள் சட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள். மாடி போர்ஷனில் குடியிருக்கும் டீச்சர் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எவ்வளவு செவப்பா இருக்காரு பாருங்க. வெயில்ல நடந்து வந்து அசந்து தூங்கற மாதிரி இருக்கு."

காலையிலிருந்து எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். மூன்றாவது ஆள் சொன்னபோது அம்மாவின் முகத்தில் அழுகைக்கு நடுவே ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது. "தூக்கத்துலயே போயிட்டார். டாக்டரும் வந்து பார்த்துட்டு ஹார்ட்டுன்னுதான் சொன்னார். ஒரு நிமிஷம் கஷ்டப்படல. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்று அவளும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அப்பாவை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பென்ஷன் வாங்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. எவ்வளவு பிதுங்கி வழிகிற பஸ்ஸானாலும் அவர் கண்ணுக்கு உள்ளே இன்னும் ஐந்து பேருக்கு இடம் தெரியும். "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று காலமெல்லாம் கத்திய மனிதர், வீடு வாங்க ஆரம்பித்தபோது சுவர்களிடமும் அதையேதான் சொன்னார்.

நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் ரயில் பாதையோடு வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் போய் நின்றுகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. நாலு போர்ஷன் உள்ள பழைய வீடாகப் பார்த்து வாங்குவார். வாங்கிய கையோடு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். அண்ணன் கட்டட வேலைகளுக்கு மேஸ்திரி. இரண்டு பேருமாகத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, எங்கிருந்தாவது ஐந்தாவது போர்ஷன் ஒன்றை உருவி எடுத்துவிடுவார்கள். போன வருஷம் வாங்கிய முதல் வீட்டில் அப்படித்தான் ஒன்று முளைத்தது. இப்போது அதில் ஒரு தையல்காரரும் மனைவியும் இருக்கிறார்கள். இந்த வீடு இரண்டாவது. முன்பக்கப் போர்ஷனில் அப்பாவும் அம்மாவும் குடிவந்துவிட்டார்கள். பின்பக்கத்தில் ஐந்தாவது போர்ஷனுக்கு இப்போதுதான் பெயின்ட் காய்ந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. புது போர்ஷன் எதையும் வாடகைக்கு விடுமுன் ஒரு ராத்திரி தானே அதில் படுத்துப் பார்ப்பார். எந்தக் குழாய் சொட்டுகிறது, மாடியில் யார் நடந்தால் கேட்கிறது, கதவு எங்கே முனகுகிறது என்று பார்த்து, மறுநாள் ஆள் வைத்துச் சரிசெய்வார். "நான் தூங்காத ரூம்ல அடுத்தவனைத் தூங்கச் சொல்ல மாட்டேன்" என்று அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். நேற்று ராத்திரியும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். காலையில் அம்மா காபியோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

"அவர் கண்ணாடி அங்கேயே இருக்கு" என்றாள் அம்மா. "எடுத்துட்டு வா. சட்டைப்பையில வச்சிடலாம்."

பின்பக்கம் போகிற சந்தில் குளிர் முகத்தில் அடித்தது. இந்த வாரம்தான் குளிர் ஆரம்பித்திருந்தது. ஐந்தாவது போர்ஷனின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் வியர்த்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பாயின் ஓரத்தில் மடித்து வைத்த பேப்பர் மேல் கண்ணாடி இருந்தது. அதே பாயில், அப்பா படுத்திருந்த இடத்தில், அண்ணனின் மகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஒரே கூட்டமாக இருக்கிறதென்று அண்ணிதான் இங்கே கொண்டுவந்து படுக்கவைத்திருக்க வேண்டும்.

பலகை அடைப்புக்குப் பின்னால் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. எல்லாக் குடித்தனத்துக்கும் வெந்நீர் தருகிற பழைய கேஸ் பாய்லர் அது. அடக்கத்துக்கு வருவதற்காக மாடியில் ஒருவர் மாற்றி ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிம்மா. தாத்தாவைப் பார்க்க வேண்டாமா?"

குழந்தை அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் கண்ணைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். "தலை வலிக்குது அத்தை" என்ற குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

அதே சிவப்பைத்தான் மகள் காலையிலிருந்து அப்பாவின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணாந்து பார்த்தாள். வீட்டை முதன்முதலில் காட்ட அப்பா அவளைக் கூட்டிவந்தபோது இந்த இடத்தில் கூரையே இல்லை. நாலு சுவருக்கு நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்குமாக விட்டிருந்த வெற்றிடம் இது. மேலே சதுரமாக வானம் தெரிந்தது. பாய்லரின் புகைக்குழாய் சுவரோடு கொஞ்ச தூரம் ஏறி, அந்த வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. இப்போது அங்கே வெள்ளை பெயின்ட் அடித்த பலகைக் கூரை. புகைக்குழாய் அந்தப் பலகைக்கு மேலே எங்கும் போகவில்லை. அடைப்புக்குள்ளேயே, இந்த அறையின் தலைக்கு மேலேயே முடிந்திருந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். வெளிக்காற்று பட்டதும் குழந்தை அவள் தோளிலேயே வாந்தி எடுத்தது, பிறகு அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. குழந்தையைப் படியில் உட்காரவைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் கேஸ் திருகை மூடினாள். கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவைத்தாள்.

சத்தம் கேட்டு அண்ணியும் அண்ணனும் வந்தார்கள். "ஒண்ணும் கேக்காதீங்க அண்ணி, தெருமுனை டாக்டர்கிட்ட உடனே தூக்கிட்டுப் போங்க. அடைச்ச ரூம்ல பாய்லர் புகையில படுத்திருந்தாள்னு சொல்லுங்க." அண்ணி ஒன்றும் புரியாமல் குழந்தையோடு ஓடினாள். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. திறந்த கதவு வழியாகக் கூரையைப் பார்த்தபடி நின்றான். அவன் கையால் அடித்த கூரை.

"குழாயை மேல தூக்கணும்னு சொன்னேன்" என்றான். "பெயின்ட் முடியட்டும், கடைசியில பாத்துக்கலாம்னு அப்பாதான் சொன்னார்."

"டாக்டர் ஹார்ட்டுன்னாரே."

"வயசைக் கேட்டார், சுகர் இருக்கான்னு கேட்டார். வேற என்ன பார்த்தார் அவரு?"

சந்தில் யாரோ வருகிற சத்தம் கேட்டு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். வந்தது மாடிவீட்டுக்காரர். வெந்நீர் நின்னுபோச்சு என்றார், பிறகு இருக்கிற சூழ்நிலை நினைவுக்கு வந்து சங்கடப்பட்டுத் திரும்பிப் போனார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இதோ பாரு. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும். அப்பாவை நல்லபடியா கொண்டுபோய் சேர்த்துடுவோம். இப்ப வாயைத் திறந்தா போலீஸ் வரும். அவரை அறுத்துப் பாப்பாங்க. அம்மா தாங்குவாளா? தூக்கத்துல போயிட்டார்னு அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இனிமே இந்த ரூம்ல யாரும் படுக்கப்போறதில்ல. நாளைக்கே நான் கூரையைப் பிரிச்சுடறேன்."

"உன்னைக் கொண்டுபோயிடுவாங்கன்னு பயப்படறியா?"

"பயமாத்தான் இருக்கு" என்றான் அவன். அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சின்ன வயதில் அவளுக்காக அப்பாவிடம் அடி வாங்கியவன். அவன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், பரிதாபம்தான் வந்தது. அப்பாவின்மேல்தான் கோபம் வந்தது. செத்துக் கிடக்கிறவர்மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது. சரி என்று தலையாட்டினாள்.

சந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"அந்த முதல் வீட்லயும் பாய்லருக்கு மேல இப்படித்தானே மூடின?"

அண்ணன் நடந்துகொண்டே இருந்தான். "அங்க அப்பா படுத்துப் பார்த்தாரே. ஒண்ணும் ஆகலையே."

"எப்ப படுத்தார்?"

கேட்கும்போதே அவளுக்கு நினைவு வந்தது. நல்ல கோடையில், ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு, வெந்நீரே யாரும் எடுக்காத நாளில் படுத்தார். சுகமாகத் தூங்கினேன் என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னார்.

முன்னறையில் வண்டிக்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மகள் நீட்டிய கண்ணாடியை அம்மா வாங்கி, முந்தானையால் துடைத்து, அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள். பெட்டியின் நாலு மூலையிலும் ஆட்கள் நின்றார்கள். தலைமாட்டு மூலையை அண்ணன் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு கொத்துப் பூவோடு, தையல்காரர் உள்ளே வந்தார்.

பூவை வைத்துவிட்டு அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓனர் மாதிரி கிடையாதும்மா" என்றார் அம்மாவிடம். "ஜன்னல்ல காத்து வருதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவரே வந்து இடுக்கெல்லாம் அடைச்சுக் கொடுத்துட்டுப் போனாரு. வீட்ல அவளும் வர்றேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. முடியல."

மகள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். "ஏன், என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து தலைவலிம்மா. எனக்கும்தான் இருக்கு. நான் பகலெல்லாம் கடைக்குப் போயிடறேன், அங்க போனா விட்டுடுது. அவ வீட்லயே இருக்கால்ல." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "இன்னைக்கு எழுப்பிப் பார்த்தேன், கண்ணே தொறக்கல. சரி, அசந்து தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பெட்டியின் பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஹார்ட்டுல போகலம்மா" என்றாள் மகள். அவ்வளவு பேருக்கும் கேட்டது. "பின்னாடி ரூம்ல புகை. பாய்லர் புகை வெளிய போக வழியில்ல. குழந்தையும் இப்ப அதுலதான் மாட்டிக்கிச்சு. இவர் வீட்லயும் அதே மாதிரிதான் மூடியிருக்கு." தையல்காரர் பக்கம் திரும்பினாள். "அவங்க தூங்கலங்க. போன் போடுங்க. பக்கத்துல யாரையாவது கதவைத் திறக்கச் சொல்லுங்க."

"பக்கத்துல யாரும் இல்லையே. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. போனைத் தேடி இரண்டு பைகளையும் தடவினார்.

பெட்டியின் தலைமாட்டு மூலை மெல்லத் தரையில் இறங்கியது. அண்ணன் பிடியை விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்து, தையல்காரரின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினான். "வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குத்தான் அந்த வீட்ல எது எங்க இருக்குன்னு தெரியும்." வாசற்படியில் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஆம்புலன்ஸை அங்க வரச்சொல்லு. போலீஸுக்கும் நீயே சொல்லிடு."

தையல்காரர் தன் போனை அவள் கையில் திணித்தார். "நீங்க அவ நம்பருக்கு விடாம அடிச்சுக்கிட்டே இருங்கம்மா. எடுத்தா வர்றேன்னு சொல்லுங்க." செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே ஓடினார்.

பைக்கின் சத்தம் தெருவைத் தாண்டிப் போனது. டீச்சர் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று மூலைகளில் இருந்தவர்களும் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்கள். இனி தூக்குவதா வேண்டாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

அம்மா அப்பாவின் கன்னத்தில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிவந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். முதல் ஜன்னலின் கொக்கி குளிரில் இறுகியிருந்தது. உள்ளங்கையால் தட்டித் திறந்தாள். அடுத்த ஜன்னலுக்குப் போனாள். ஒவ்வொன்றாக, அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்து அப்பாவின் கழுத்தருகே திறந்திருந்த காலரை அசைத்தது.

மகள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.