பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி

அக்காவும் தம்பியும் நடத்திவந்த விளம்பர நிறுவனம், வெளியிலிருந்து அளந்தால் பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. உள்ளே, அக்காவின் மேஜையிலிருந்து தம்பியின் மேஜைக்கு நடந்து போகக் கால் மணி நேரம் ஆகும். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரே ஜன்னலும் ஒரே கதவும் உள்ள அறை அது. ஆரம்பித்த புதிதில் அவள் மேஜை ஜன்னலோரமும் அவன் மேஜை கதவோரமுமாக இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் தம்பியின் டீ சிந்தும். "பாத்துத் தள்ளேன், எருமை" என்பான். "எருமைக்குத் தம்பி யாராம்?" என்பாள். அவள் வரைவாள், அவன் வாடிக்கையாளர்களிடம் பேசுவான். அவளுக்கு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தாலே கோபம் பொத்துக்கொண்டு வரும். அவனுக்கு ஸ்கேலைக் கையில் கொடுத்தாலும் கோடு கோணலாகத்தான் விழும். ஆகையால் வேலையைப் பிரித்துக்கொள்வதில் தகராறே வரவில்லை.

தகராறு காலி இடத்தில் வந்தது. முதல் வேலை ஒரு மின்விசிறிக் கம்பெனியின் முழுப் பக்க விளம்பரம். அக்கா ஒரு வாரம் தூங்காமல் யோசித்து, பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு விசிறியை வைத்து, மீதியை அப்படியே விட்டிருந்தாள். காற்று வர வேண்டுமென்றால் இடம் வேண்டாமா என்பது அவள் கட்சி. விசிறிக்காரர் அந்த வெள்ளைப் பரப்பில் விரலை வைத்து, "இங்க காலியா கிடக்கே, எதையாவது போடுங்க" என்றார். தம்பி, "சரி சார்" என்றான். அக்கா தொண்டை கிழியக் கத்தினாள், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாள், கடைசியில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரம், ஒரு பரிசுக் கூப்பன், பல்லைக் காட்டும் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் திணித்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினபோது டீ சிந்தவில்லை. மேஜைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கூட்டுகிற அம்மா நகர்த்தியிருப்பாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா மேல் பழி போட்டது அநியாயம். பக்கத்திலிருந்து விரட்டிய காலி இடம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். வேறு போக்கிடம் இல்லாமல் அது பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. தம்பி ஒவ்வொரு முறை "சரி" சொல்லும்போதும் அறை உள்ளுக்குள் கொஞ்சம் நீண்டது. செருப்புக்காரர் ஒரு மூலையைக் கேட்டார், சோப்புக்காரர் அரைப் பக்கம் கேட்டார், நகைக்காரர் ஓரத்து வெள்ளையைக்கூட விட்டுவைக்கவில்லை. தரையில் அதே சிவப்பு ஓடுகள் அதே வரிசையில் தாமாகவே நீண்டுகொண்டு போயின. முதலில் குரல் கொடுத்துப் பேசிக்கொண்டார்கள், அப்புறம் கை தட்டிக் கூப்பிட்டார்கள், அதற்கப்புறம் ஒரே அறையில் இருந்துகொண்டு போனில் பேசினார்கள். வாசகம் எழுதுகிறவர் ஒருவர் வேலைக்கு இருந்தார். எதை எழுதினாலும் கடைசியில் ஆச்சரியக்குறி போடாமல் அவருக்குக் கை அடங்காது, ஆகவே பெயரும் ஆச்சரியக்குறி என்றே நிலைத்துவிட்டது. அவருடைய மேஜையை இருவருக்கும் நடுவில் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கால் வீங்கியதும் அவர் ஒரு சைக்கிளை மாடிக்குத் தூக்கி வந்துவிட்டார். மத்தியானங்களில் அறைக்குள்ளேயே காற்று அடிக்கும். அக்கா காகிதங்களின் மேல் கல் வைத்திருந்தாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் காதுக்கு விஷயம் எட்டி, அளக்கிற டேப்போடு ஒருநாள் வந்தார். வெளியே அளந்தார், சரியாக இருந்தது. உள்ளே அளந்தார்; ஆச்சரியக்குறியின் மேஜையை எட்டுவதற்குள் டேப் தீர்ந்துபோயிற்று. தரையிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்து சேர நேரமானதால் அதற்குள் யோசித்து ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். "நான் விட்டது நாலு சுவர். உள்ள நீங்க என்ன பண்ணிக்கிட்டாலும் அது உங்க பாடு. ஆனா காலி பண்றப்ப பழையபடி ஒப்படைக்கணும்" என்றார்.

இந்தக் காலத்தில் அக்காவுக்கு உட்கார முடியாத வியாதி ஒன்று வந்தது. காலையில் வந்ததும் எழுந்து நடப்பாள். பாதி தூரம் போவாள், எதற்காகக் கிளம்பினோம் என்பது மறந்துபோய்த் திரும்புவாள். உட்கார்ந்தால் தொடை தானாக ஆடும், நின்றால் நகத்தைக் கடிப்பாள். வேலையில் ஒரு தந்திரமும் பழகியிருந்தாள். எப்படியும் அடைக்கச் சொல்லப்போகிறார்கள் என்பதால், தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காலி இடம் விட்டு வரைய ஆரம்பித்தாள். பேரம் பேசுவார்கள் என்று தெரிந்து விலையை ஏற்றிச் சொல்கிற கடைக்காரர் மாதிரிதான். அவர்கள் அடைத்தது போக மிஞ்சுவது தனக்கு வேண்டிய அளவாக இருக்கும் என்பது கணக்கு. அறை நீள நீள, தம்பியின் மேல் அவளுக்கு ஆத்திரமும் நீண்டது. இத்தனை தூரமும் அவன் வாயிலிருந்து வந்ததுதான் என்று உறுதியாக நம்பினாள். ஆனால் சண்டை போடவும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். போனில் சண்டை போட்டால் அவன், "அக்கா, இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுவான்.

ஒருநாள் அவன் நடந்தே வந்தான். பல மாதங்களாக அப்படி வந்ததில்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தவன் ஆளாக ஆகிற வரைக்கும் அவளுக்குப் பயப்பட நேரம் கிடைத்தது. நடையைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஊரின் மறுபக்கத்தில், கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய நிறுவனத்தில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து அங்க போறேன்க்கா."

"சம்பளம் ஜாஸ்தியா?"

"அதுக்கில்ல. அங்க மேஜைக்கு மேஜை நாலடிதான். பக்கத்துல ஒருத்தர் தும்மினா கேக்குது. எனக்கு அது போதும்."

போகாதேடா என்றுதான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது. வாயில் வந்ததோ, "எல்லாம் நீ சொன்ன சரியாலதான். யார் என்ன கேட்டாலும் சரி, சரி, சரி." அவன் நிதானமாகவே கேட்டான்: "நான் சொன்னேன், ஒத்துக்கறேன். நீ ஒரு நாளாவது கூட வந்து, மாட்டேன்னு சொல்லியிருக்கியா?" பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தான். கோபித்துக்கொண்டு போகிறவனின் முதுகைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது பெரிய கொடுமை. கதவடைத்துக்கொண்டு அழவும் முடியாது, எல்லாம் ஒரே அறை. அவன் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மெத்தைக்காரர் வந்தார். தம்பி வெளியே போயிருந்தான், ஆச்சரியக்குறிக்குச் சைக்கிள் பஞ்சர். வேறு வழியில்லாமல் அக்காவே காட்ட வேண்டியதாயிற்று. முழுப் பக்கத்தில், கீழே ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மெத்தை. மற்றதெல்லாம் வெறுமை. முக்கால்வாசியை இவர் தின்றுவிடுவார் என்ற கணக்கில்தான் அப்படிப் பண்ணியிருந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லா இருக்கும்மா. அப்படியே போட்டுடுங்க" என்றார். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்ல சார், மேல காலியா கிடக்கே, எதையாவது போடலாமா?" என்று அவள் வாயே கேட்டது. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மெத்தைக்காரர் அவளைக் குழப்பமாகப் பார்த்து, "நீங்க தெரிஞ்சுதானேம்மா விட்டிருப்பீங்க?" என்றார்.

அவர் போன பிறகு, பழைய வேலைகள் அத்தனையையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். பரப்புவதற்கு இடத்துக்கா பஞ்சம். அடைப்பதற்கு முன்னால் தான் வரைந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆரம்பத்து விசிறியில் அத்தனை வெள்ளையும் வேண்டியிருந்தது. போகப் போக, பாதிக்கு மேல் அடைப்பதற்கென்றே விட்டது, சும்மா, பேரத்துக்கு. அதெல்லாம்கூட இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. அவன் ஒரு அடி தள்ளியிருந்தால் அவளும் ஒரு அடி தள்ளியிருக்கிறாள். தனக்கு உண்மையிலேயே எவ்வளவு இடம் வேண்டும் என்பதே மறந்துபோய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குப் பிஸ்கட்காரரைப் பாக்க நானும் வரேன்."

"நீயா? அடிச்சுட மாட்டியே?"

"அது அவரு நடந்துக்கறதைப் பொறுத்து."

பிஸ்கட்காரர்தான் அவர்களுக்கு முதுகெலும்பு. பாதி வருஷத்து வேலை அவரிடமிருந்துதான் வந்தது. புது டின்னின் மூடிக்கு அக்கா ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். சிவப்பு மூடி, நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு பிஸ்கட், ஒரு ஓரம் கடித்தது. சுற்றிலும் வெறும் சிவப்பு. பேரத்துக்கென்று நூலளவுகூடச் சேர்க்கவில்லை. மறுநாள் தன் ஆபீஸில் பிஸ்கட்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை யாரு கடிச்சது? எலி கடிச்சதுன்னு கடையில திருப்பிக் கொடுத்துடுவாங்கப்பா." சொல்லிவிட்டு, எதிர்பார்த்தபடியே, சிவப்பின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பக்கம் பூரா காலியா கிடக்கு பாரு. ஒரு டம்ளர் பால், ஒரு குழந்தை, ஒரு நட்சத்திரம் போட்டா நிறைஞ்சுடும்."

தம்பியின் உதடு வழக்கம்போல விரிந்தது. அதற்குள் அக்கா, "வேண்டாம் சார்" என்றாள். அறைக்குள் அப்படிக் கத்துகிறவளுக்கு இங்கே குரலே எழும்பவில்லை. "அந்த இடம் வேணும் சார். அதைத் தர முடியாது." பிஸ்கட்காரர் அவளிடம் பேசவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், நீ சமாளிச்சுக்கோ என்கிற மாதிரி. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் மேஜைக்கடியில் தொடை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா சொல்றதுதான் சார்" என்றான். பிஸ்கட்காரர் மூடியைத் தள்ளி வைத்தார். "பெரிய ஆளுங்களா ஆயிட்டீங்க" என்றார். அதோடு அந்த உறவு முடிந்தது. அடுத்த வாரமே வேறு இடத்தில் டம்ளர், குழந்தை, நட்சத்திரம் எல்லாம் போட்டு வாங்கிக்கொண்டார்.

 திரும்பி வந்து மாடி ஏறிக் கதவைத் திறந்ததும், போன வருஷம் முழுக்கப் போடாத சண்டையை ஆரம்பித்தார்கள். அவன் மேஜையைத் தாண்டிக் கத்திக்கொண்டே அவளுடைய மேஜையை நோக்கி நடந்தார்கள். சண்டை பாதிகூட ஆகவில்லை, ஜன்னல் வந்துவிட்டது. இருவரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவன் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளர் இங்கிருந்தே தெரிந்தது. "அது என்னோடதுடா" என்றாள் அக்கா. ஆச்சரியக்குறி மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, இனி இதை எங்கே ஓட்டுவது என்று கவலைப்பட்டார்.

ஒண்ணாம் தேதி வந்தது, போயிற்று. தம்பி கண்ணாடிக் கட்டடத்துக்குப் போன் போட்டு, "முடியாது சார்" என்று சொல்லிவிட்டான். புதிதாகக் கற்ற வார்த்தையாதலால் கொஞ்ச நாள் அதை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். கையில் காசில்லாத மாதங்கள் சில வந்தன, ஒரு மாதிரி ஓட்டினார்கள். அறை ஏன் சுருங்கியது என்பதைப் பற்றி அந்தத் தெருவில் இரண்டு கட்சி உண்டு. கேட்டு வாங்கிய காலி இடம் விளம்பரத்திலேயே தங்கிவிடுவதால் என்கிறார் சைக்கிளை விற்றுவிட்ட ஆச்சரியக்குறி. கட்டடம் பழசு, அவ்வளவுதான் என்கிறார் சொந்தக்காரர். மாதாமாதம் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போகிறார். மெத்தை விற்றதா என்றால், முன்னால் விற்ற அளவுக்கு விற்றது.

பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி என்ற கணக்குக்கு அது திரும்பவே இல்லை. வயிறு என்று ஒன்று இருப்பதால் "சரி" இன்னும் சில சமயம் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, அன்றைக்கு ஓரிரண்டு ஓடுகள் கூடும். முடியாது என்று சொல்லிவிட்டு வருகிற நாளில் குறையும். பெரும்பாலும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நிற்கிறது. அக்கா இன்னும் நடக்கிறாள், உட்காருவது அவளுக்கு வரவே இல்லை. நாற்காலியை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் இப்போது தம்பியின் டீ சிந்துவதில்லை. அதனால் சில நாள் எழுந்து அங்கே போய், மேஜையை ஒரு இடி இடித்துச் சிந்திவிட்டு, "எருமை" என்று அவன் திட்டுவதைக் கேட்ட பிறகு திரும்பி வருகிறாள்.