கற்பூரத்துக்கு மேல் ஒரு கையெழுத்து

மாங்கூழ் ஆலை மூடி எட்டு மாதம். பென்னாகரம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் அறுபது பேருக்குக் காய்ப் பணம் நின்றுபோனது. பேங்க்காரன் கேஸ் போட்டு, விவகாரம் திவால் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. ஆலையை வாங்க வந்த கம்பெனி ஒரு திட்டம் கொடுத்திருந்தது. யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது அதில்தான் இருந்தது. அதைப் படிக்கத்தான், காய் கொடுத்தவர்களில் ஒருத்தியான அன்பரசி நாயாக அலைந்தாள்.

எல்லாருக்கும் காட்டிவிடுவார்களா என்ன? சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான், அவர்கள் சார்பில் ஒருத்தர் கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தில் உட்காரலாம், திட்டத்தைப் பார்க்கலாம். ஓட்டு கிடையாது. அதுவும் பாக்கி கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தவர்களின் பாக்கிதான் சேரும்.

நம் ஆட்கள் மனுக் கொடுத்திருந்தால்தானே! ஆலை ஆட்டம் காணும்போதே முதலாளி சந்திரமோகன் எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டான். "ஒவ்வொருத்தர் பணமும் நான் தர்றேனுங்க, நீங்க கோர்ட்டுப் பக்கம் போகக்கூடாது" என்று இரண்டு பக்கமும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான். கெட்டிக்காரப் பயல்! அப்புறம் யார் மனுப் போடுவார்கள்?

அன்பரசி வீடு வீடாக ஏறி இறங்கிப் பாதிப் பேரை மசிய வைத்தாள். பத்தில் ஒரு பங்குக்கு இன்னும் பன்னிரண்டு லட்சம் குறைந்தது. மாதையனுக்கு வரவேண்டியது பதினாலு லட்சம். அவர் அவள் புருஷனுக்குப் பெரியப்பா.

மாதையன் தோப்பை விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை கிரயம். அதற்குள் ஆலைப் பணம் வரும் என்று தெரிந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துத் தோப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நாற்பது வருஷத்து மரங்கள்.

"கற்பூரம் அணைச்ச கை இது. இதால கோர்ட்டுக் காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றியா?" என்றார்.

"அவன் அணைச்சதும் கற்பூரந்தானுங்களே மாமா? அவன் குடுத்தானா?"

"அவன் பாவம் அவனோட."

"சாமி கேட்டா என் பேரச் சொல்லுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

மாதையன் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சேலத்தில் கூட்டம். தோப்புக்காரர்கள் சார்பில் போன அன்பரசியிடம் உள்ளே நுழையும் முன்பே ஒரு காகிதத்தை நீட்டினார்கள். திட்டத்தில் உள்ளதை வெளியே யாரிடமும் சொல்வதில்லை, மீறினால் நடவடிக்கை. அவள் கையெழுத்துப் போட்டாள். போடாமல் எப்படிப் படிப்பது?

நாற்பத்து மூன்று பக்கம். பேங்க்குகளுக்குக் கடனில் பாதிக்கு மேல். இருபத்தொன்பதாம் பக்கத்தில் காய் கொடுத்தவர்களுக்கு ஒரே வரி: தொகை எதுவும் இல்லை.

மூன்று தடவை படித்தாள். "ஒத்த ரூபா கூடவா இல்லீங்க?" என்று எழுந்து கேட்டாள். சட்டப்படி சரிதான் என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி. பேங்க்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள், திட்டம் நிறைவேறியது, டீ வந்தது.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் மாதையன் காத்திருந்தார். சட்டைப் பையில் அட்வான்ஸ் பணம் புடைத்துக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்கத் தயாராகவே வந்திருந்தார்.

"என்னம்மா போட்டிருக்குது?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க மாமா."

மாதையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கற்பூரத்தையே மீறிட்டு வந்தவன். நீ காகிதத்துக்குப் பயப்படறியா?"

அன்பரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்துடாதீங்க மாமா. நாளைக்குக் கிரயத்த முடிச்சிடுங்க."

மாதையன் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். ஊருக்குப் போகும் ஏரியூர் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.