ஆறு மில்லிகிராம் மாத்திரை

இரண்டாவது வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கே என்று பேராசிரியை ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார். அவ்வளவுதான். மற்றபடி கட்டுரை நன்றாக வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை மாணவர் மாநாட்டுக்கு அனுப்பிவிடலாமாம்.

அவள் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. ரத்த அழுத்த மாத்திரையால் கால் வீங்கி வார்டுக்கு வந்த ஒரு வாட்ச்மேனைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் கட்டுரை. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வர வேண்டும். எந்த ஆதாரம் முதலில் வருகிறதோ அது 1, அடுத்தது 2. கடைசியில் அதே வரிசையில் பட்டியல். எல்லா எண்ணையும் அவளே தட்டி அடித்திருந்தாள்.

புது ஆதாரம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதற்கு 2 என்று போட்டாள். அப்புறம்தான் உறைத்தது. பழைய 2 இனி 3, 3 இனி 4, இப்படியே 14 வரைக்கும். ஒரே ஆதாரம் நான்கு இடத்தில் வேறு வந்தது. ஞாயிறு காலை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாற்றினாள். மாற்றியதையே மறுபடி மாற்றினாள். மூன்றாம் பக்கத்தில் எது பழசு எது புதுசு என்றே தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"என்ன, உன் முனகல் மாடி வரைக்கும் கேக்குது?" என்று அண்ணன் இறங்கி வந்தான். சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஆள்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இதையா ஒவ்வொண்ணா மாத்திட்டு இருக்கே? தள்ளு. தேடு, மாத்துன்னு ரெண்டு பட்டன்."

"வேண்டாம்ணா. 2-ஐ 3 ஆக்கிட்டு, அப்புறம் 3-ஐ 4 ஆக்கினா, எல்லாம் 4 ஆயிடும்."

"அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டறேன்? கடைசியிலேர்ந்து வரணும். 14-ஐ முதல்ல 15 ஆக்கணும், அப்புறம் 13-ஐ 14. நீ கை வைக்காத பழைய ஃபைல்ல இதைச் செஞ்சுட்டு, புது 2-ஐக் கடைசியில சேர்த்துக்கலாம். நீ போய்ச் சாப்பிடு."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். ஒவ்வொரு அடைப்புக்குறியையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டுரையைப் பேராசிரியைக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை துறை அறைக்குக் கூப்பிட்டார்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், நோட்டுகள் குவிந்த மேசைக்குப் பின்னால் பேராசிரியை உட்கார்ந்திருந்தார்.

"அந்த வாட்ச்மேனுக்கு முதல்ல எவ்வளவு குடுத்தோம்?"

"அஞ்சு மில்லிகிராம், மேடம்."

"கால் எப்ப வீங்குச்சு?"

"பத்தா கூட்டினதும்."

"இப்ப நீ எழுதினதைப் படி."

6 மில்லிகிராம் என்று இருந்தது. அடுத்த வரியில் 11. மூன்று நாளில் வடிந்த வீக்கம் நான்கு நாளில் வடிந்திருந்தது. பன்னிரண்டு வருஷ ரத்த அழுத்தத்துக்கு ஒரு வயது கூடியிருந்தது. அண்ணன் அடைப்புக்குறியைச் சேர்க்காமல் வெறும் எண்ணை மட்டும் தேடி மாற்றியிருக்கிறான்.

"ஆறு மில்லிகிராம் மாத்திரை எந்தக் கடையில விக்கிது? சொல்லு, நானும் எழுதிக் குடுக்கறேன்."

அண்ணன் மாற்றினான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் இன்னும் கேவலம்.

"சரியா பாக்கலை மேடம். மத்தியானத்துக்குள்ள திருத்திடறேன்."

"அவசரத்துல செஞ்சதுதான் இது. மாநாடு இந்தத் தடவை வேண்டாம். கேஸ் ஷீட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மறுபடி எழுது."

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"உள்ள வேற எண்ணும் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே!" என்றான் அண்ணன்.

"மருந்தைப் பத்தின கட்டுரையில எண் இல்லாம பின்ன என்ன இருக்கும்?"

"சரி விடு. எல்லாத்துலயும் ஒண்ணைக் கழிச்சிட்டாப் போச்சு."

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

"யாராவது ஒருத்தர் வாயை மூடுங்களேன்," என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

அந்த வாரம் முழுக்கப் பதிவேட்டு அறையில் நின்று, ஒவ்வொரு டோஸையும் கேஸ் ஷீட்டோடு சரிபார்த்தாள். மாநாட்டுக்குப் போன தோழிகள் அங்கிருந்து படம் அனுப்பினார்கள். பார்க்காமலே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நூலகத்தில் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை, மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த ஒருத்தி பார்த்தாள்.

"கையாலயா எண் போடறே? அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கே, காசுகூடக் கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலையே."

"நீ யாரையும் கேக்கலையே."

இவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளையே பக்கத்தில் உட்கார வைத்து, பதினைந்து ஆதாரங்களையும் அதில் ஏற்றினாள்.

பேராசிரியை இந்தத் தடவை வரி வரியாகப் படித்தார். "டோஸ் சரி. கல்லூரி மலர்ல போட்டுடலாம். ஆனா இந்த மூணாவது பத்தி முதல்ல வந்தா எடுப்பா இருக்கும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். பத்தியை வெட்டி மேலே ஒட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் எண்கள் எல்லாம் தாமாக வரிசை மாறி நின்றன. பட்டியலும் மாறியிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு மாநாடும், அண்ணனோடு பேசாமல் கழிந்த நாட்களும் இந்த ஒரு விநாடி வேலைக்குத்தானா என்று எரிச்சல்தான் வந்தது. கேஸ் ஷீட்டின் நகலை எடுத்து விரித்து, 5 மில்லிகிராம் 5 ஆகவே இருக்கிறதா என்று முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.