நாலு கட்டையில் ஒரு தர்க்கம்

மலைப்பாதையின் பதினோராவது வளைவில் சுகன்யா ஒருமுறை இருமினாள். ஜீப்பின் முன்சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு ஃபிளாஸ்கிலிருந்த வெந்நீரை மெதுவாகக் குடித்தாள். மிருதங்கம் மொக்கச்சாமி அண்ணன் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் தை மாதக் கோயில் திருவிழா. அதற்கு நாடகம் ஆடப் போய்க்கொண்டிருந்தோம். சுகன்யா ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. அவளுடைய குரல்நாணில் தடிப்பு விழுந்திருந்தது. ஒரு மாதம் வாயையே திறக்கக் கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். மாசி முழுக்கப் பேசாமல் கிடக்க அவளும் தயார்தான். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஒரு நாடகத்தைத் தாண்டியாக வேண்டும். பங்குனி, சித்திரையில் மேலேயுள்ள தோட்டங்களுக்கெல்லாம் நடிகர்களைப் பேசிவிடுவது வேலுச்சாமி என்ற சூப்பர்வைசர். இன்று அவர் வாக்குக் கொடுத்தால் நிம்மதியாக ஓய்வெடுக்கலாம். கொடுக்காவிட்டால் கிடைத்த ஊரிலெல்லாம் பாடி, மிச்சக் குரலையும் தொலைத்துவிடுவாள்.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் சில சமயம் மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். இடையில் வரும் தர்க்கம், அதாவது இருவரும் மாறி மாறி மடக்கிக்கொள்ளும் வாதம், அந்த நேரத்தில் பிறப்பது. அந்தத் தர்க்கத்தில் முன்கூட்டியே நிலையாக இருக்கும் ஒரே விஷயம் சுருதி. அதை வைப்பது ஆர்மோனியக்காரனான நான்.

வார நாட்களில் நான் கல்லூரியில் தற்காலிக ஆசிரியர், பாடம் வரலாறு. ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டுக்கு வாசிப்பேன். மிச்ச நேரத்தில் ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மேற்கே, தங்கமும் வெள்ளியும் தோண்டிய மலையூர்களுக்கு ஆபரா எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பற்றி. ஆபரா என்றால் கதையைப் பாட்டிலேயே நடத்தும் அவர்களுடைய இசை நாடகம்.

"எப்பு ஜோசுவா, ஒனக்கு அமெரிக்காவுல என்னப்பா சோலி?" மொக்கச்சாமி அண்ணன் விழித்துக்கொண்டார்.

"இதே சோலிதான்ணே. அங்கயும் மலை, அங்கயும் கூலி ஆளுக. கோவேறு கழுதை வண்டியில சாமானை ஏத்திக்கிட்டுப் பாட்டுக்காரங்க போயிருக்காங்க."

"கழுதைக்கு இந்த ஜீப்பே தேவல."

களைப்பாக இருந்தாலும் இந்த விஷயத்தை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஊரில் நாலு கடை வந்ததும் ஆபரா ஹவுஸ் என்று ஒரு கூடம் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கீழே கடை, மாடியில் மேடை. கடை வாடகையில் மேடை பிழைக்கும். திரைச்சீலையில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் எழுதியிருக்கும். பெயர்தான் ஆபரா ஹவுஸ். நடந்ததெல்லாம் மாயவித்தை, குத்துச்சண்டை, பிடில் வைத்துக்கொண்டு ஆட்டம். ஆபரா எப்போதாவது வரும். வரும்போது வாத்தியக் குழு இருக்காது, ஒரு பியானோதான். ஒருவரே இரண்டு வேடம் கட்டுவார். நீளமான பாட்டை வெட்டுவார்கள், தொண்டைக்கு எட்டாததைச் சுருதி இறக்கிப் பாடுவார்கள். கொலராடோவில் லெட்வில் என்ற ஊர் பத்தாயிரம் அடிக்கும் மேலே. அங்கே மூச்சு விடுவதே பாடு.

"கேக்குறவங்க சும்மா விட்டாங்களா?" சுகன்யா கிசுகிசுத்தாள்.

"கதைக்கு நடுவுல அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணைச் சேத்துருவாங்க. இங்கிலாந்துல கார்ன்வால்னு ஒரு சீமை. அங்கேருந்து வந்த சுரங்கக்காரங்க கூட்டாப் பாடுறதுல கெட்டிக்காரங்க. தெரிஞ்ச பாட்டைக் கேட்டா விடுவாங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். இருட்டினால் யானை நடமாட்டம், ஆட்கள் தாங்கள் தங்கும் லயத்து வீடுகளுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நாடகம் பகல் ஒரு மணிக்கே. பனி அப்போதும் விலகவில்லை. கதாநாயகன் மகாராஜன் மதுரைப் பக்கத்து ஆள். உச்சத்தில் பாடுவதற்கு என்றே அழைக்கப்படுகிறவர். வேறொரு ஜீப்பில் வந்து இறங்கும்போதே, "சாரு, அஞ்சு கட்டை வச்சுருங்க" என்றார்.

கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் கட்டைதான். எத்தனையாவது வெள்ளைக் கட்டையில் ஆரம்பிக்கிறோமோ அத்தனை உயரம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று உயரத்தில் பாடினார்கள். மைக் வந்த பிறகும் உயரத்தை வைத்துத்தான் ஆளை மதிக்கிறார்கள்.

"நாலு வைக்கட்டுமா?" என்று சுகன்யாவிடம் கேட்டேன்.

"அவரு கண்டுபிடிச்சிருவாருண்ணே."

"பனியில மிருதங்கத் தோலு தளந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

அது முழுப் பொய்யும் இல்லை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கத்தான் செய்யும். மொக்கச்சாமி அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கல்லை எடுத்து நாலுக்கே தட்டிச் சேர்த்தார். மகாராஜனின் காதில் அதைப் போட்டுவிட்டு, அவர் மறுக்கும் முன் கடவுள் வாழ்த்தை நான் நாலில் தொடங்கிவிட்டேன். தொடங்கிய சுருதியை நடுவில் மாற்றச் சொல்லி எந்த நடிகனும் கூட்டத்துக்கு முன்னால் கேட்க மாட்டான்.

ஆனால் கிண்டல் செய்யலாம். தினைப்புனம் காக்கும் பெண்ணாகச் சுகன்யா நிற்க, வேடனாக வந்த மகாராஜன் தர்க்கத்தைச் சுருதியை வைத்தே ஆரம்பித்தார்.

"ஏ புள்ள, ஒங்க மலை இம்புட்டு ஒசரத்துல இருக்கு. சுருதி மட்டும் போடி பஸ்டாண்டுலயே எறங்கிருச்சா?"

கூட்டம் சிரித்தது.

"ஆமா வேடரே. வளைவுல தல சுத்தி எறங்கிருச்சு. நீரு தொணைக்குப் போறீரா?"

இன்னும் பெரிய சிரிப்பு. மகாராஜனின் முகம் இறுகியது. சுருதி நாலுதான் என்றாலும், குரல் எந்த ஸ்தாயிக்கும் போகலாமல்லவா? அவர் மேலே மேலே ஏறி, உச்சியில் நின்று நீட்டி முடித்துவிட்டு, கையால் அவளைக் காட்டினார். அதே உயரத்தில் பதில் சொல்ல வேண்டும். அது முறை.

சுகன்யா ஏறினாள். பாதியில் குரல் இரண்டாகப் பிளந்தது. மைக் அதைப் பெரிதாக்கி எல்லோருக்கும் கொடுத்தது. முன்வரிசையில் வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். என் கால் துருத்தியை மிதித்துக்கொண்டே இருந்தது. நான் வேறு என்ன செய்ய?

அவள் மறுபடி முயலவில்லை. மேடையில் குந்தி உட்கார்ந்தாள். ஏலச்செடியின் தூரில் காய் பறிக்கிறவர்கள் உட்காருவதுபோல. கீழ்க் குரலில், பேசுவதைவிடக் கொஞ்சம்தான் கூட, காய் பறிக்கும் பெண்களின் பாட்டு:

"மூடுபனி மூடிக்கிச்சு, மேட்டு வழி தெரியலையே,
தூருக்குள்ள கை தொழாவி நகக்கண்ணு கறுத்துருச்சே…"

அடுத்த அடி கூட்டத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு கிழவி, பிறகு அவளைச் சுற்றியிருந்தவர்கள், பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். சுகன்யா ஒரு வரி கொடுத்தால் அவர்கள் இரண்டாகத் திருப்பினார்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே உயரம் தேவையில்லாமல் போகிறது. இங்கே நூறு பேர். மகாராஜன் வில்லைப் பிடித்தபடி நின்றார். நூறு பெண்களோடு எந்த வேடன் தர்க்கம் பண்ணுவது? அவரும் தொழிலில் பழுத்தவர். பாட்டு ஓய்ந்ததும் வணங்கி அடுத்த காட்சிக்கு எடுத்துப் போய்விட்டார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "பனியாம், தோலாம். சாரு, இனி நான் வர்ற எடத்துக்கு நீங்க வேணாம்." மகாராஜன் போகும் இடங்கள் நிறைய.

ஸ்டோருக்குப் பின்னால் சுகன்யா தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி வந்து நின்றார்.

"ஒடஞ்சிருச்சேம்மா."

"ஆமாண்ணே. ஒடஞ்சிருச்சு."

"நம்ம பொம்பளைக பூரா ஒன்னயத்தான் கூட்டியாரச் சொல்றாளுக. பங்குனி பூரா ஒனக்கு. சித்திரையில ஆளு யாருன்னு மேத்தோட்டத்துக்காரங்கதான் சொல்லுவாங்க. அவங்க மகாராஜனுக்கு ஈடா ஒசரத்துல பாடுற சோடியத்தான் கேப்பாங்க. அதுல எம்பேச்சு எடுபடாது."

கேட்டதில் பாதி. அவள் துணியை மடித்து, எண்ணெய் படாத பக்கத்தைத் தேடி, கழுத்தைத் துடைத்தாள்.

"பங்குனி போதும்ண்ணே. நாளையிலிருந்து எனக்குப் போனு போடாதீக. மாசி முடியுற மட்டும் பேச மாட்டேன்."

"புருசன்கிட்டயுமா?"

"அந்தாளு அதுக்குத்தான் காத்துக் கெடக்காரு."

வேலுச்சாமி சிரித்துவிட்டுச் சோறு கொண்டாரச் சொல்லப் போனார். சுகன்யா சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினாள். மகாராஜன் என்னிடம் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையசைத்தாள். பேச்சு வேண்டாம் என்று.